கூரை விளக்கு

வாட்சோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதியில்தான் திரும்பும்.
நடுவில், பகல் என்று நாங்கள் சொல்வது
பத்தரைக்கு வரும் ஒரு நீலக் கறை.
மதியத்துக்குப் பின் அதையும் கடல் துடைத்துவிடும்.

அப்படியொரு டிசம்பரில்
குழந்தைகள் நலத்துறையிலிருந்து தொலைபேசி.
பெயர் ரூனா. வயது ஒன்பது.
எங்களுடையது அவளுக்கு நான்காவது வீடு.

நான் துறைமுகத்தில் மின்பணியாளன்.
கப்பலுக்கு எங்கே வெளிச்சம் வேண்டுமென்று தெரியும்,
வீட்டுக்குத் தெரியாது.
இருபது வருடமாக எங்கள் கூடத்தில்
கூரை நடுவே ஒற்றை விளக்கு.
ஹெர்டிஸ் அதைச் சுங்க அதிகாரி என்பாள்.
அதன் கீழே வந்தால்
எதையோ ஒளித்துவைத்த முகமாகிவிடும் யாருக்கும்.

பத்து நாள் வேலை.
ஜன்னலில் ஒன்று, தெருவில் வருகிறவருக்கு.
புத்தக அலமாரியின் காலடியில் ஒன்று,
சுவரைத் தடவித் தடவி மேலேறும்படி.
சமையல்மேடையில் ஒளிப்பட்டை,
ரொட்டி நறுக்கும் கைக்கு மட்டும்.
நாற்காலியருகே ஒரு நெட்டை விளக்கு;
அதன் மஞ்சள் மடிவரை வந்து நின்றுவிடும்,
முழங்காலுக்குக் கீழே இறங்காது.

"ஒரு மூலையை விட்டுவை" என்றாள் ஹெர்டிஸ்.
"எல்லாம் தெரிந்துவிட்டால் வீடு கடையாகிவிடும்."
விற்றுவிட்ட பியானோவின் மூலையை
இருட்டுக்கே கொடுத்தோம்.

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு
வெளியே பனியில் நின்று பார்த்தோம்.
பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு.
"யார் வீடு இது?" என்றாள்.
"உள்ளே போய் உட்காரலாம்போல் இருக்கிறதே."

ரூனா வந்தாள்.
முதுகுப்பையை இறக்கவில்லை.
கதவருகே நின்று
விளக்குகளை எண்ணுவதுபோல் பார்த்தாள்.
பிறகு சுவரில் கைவிட்டுத் துழாவி
சுங்க அதிகாரியை எழுப்பினாள்.

பத்து நாள் ஒரே சொடுக்கில் வெளுத்தது.

பியானோ மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.
சோபாவுக்கு அடியில்.
திரைக்குப் பின்னால்.
அலமாரிக் கதவைத் திறந்தாள், மூடினாள்,
மறுபடி திறந்தாள்.
"இங்கே வேறு யாரும் இல்லையா?"
"இல்லை."
"ராத்திரி?"
"ராத்திரியும் இல்லை."
ஹெர்டிஸ் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்,
சுவிட்சுப் பக்கம் நான் போய்விடாதபடி.

அதன் பிறகு
அந்த வெள்ளையில்தான் சாப்பிட்டோம்.
மீனில் ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது.
என் நகத்தடியில் எண்ணெய்,
ஹெர்டிஸின் கழுத்துச் சுருக்கம்,
ரூனாவின் மணிக்கட்டில் ஒரு பழைய தழும்பு.
யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
தூங்கும்போதும் அது எரிந்தது,
கதவிடுக்கில் ஒரு வெள்ளைக் கோடாக.
மற்ற விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன,
பட்டப்பகலில் பிடித்த தீவட்டிபோல.
நான் அவற்றை நிறுத்திவிடலாம் என்றேன்.
"இருக்கட்டும்" என்றாள் ஹெர்டிஸ்.
"பழகட்டும்."
விளக்குகளா, ரூனாவா என்று சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
சூரியன் வந்துவிட்டதா என்றால், இல்லை,
இன்னும் ஆறு நாள் பாக்கி, மேகம் வேறு.
வகுத்தல் கணக்கில் பாதியில் எழுந்தாள்.
"கண் கூசுகிறது" என்றாள், எங்களிடம் அல்ல.
சுவரருகே போனாள்.
சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு
அந்த மூலையை ஒருமுறை பார்த்தாள்.

அணைத்தாள்.

முதலில் ஒன்றுமே இல்லை.
பிறகு ஒவ்வொன்றாக வந்தன:
ஜன்னல்,
மேடையில் பாதி நறுக்கிய ரொட்டி,
அலமாரியின் முதுகில் ஏறும் மஞ்சள்,
நெட்டை விளக்கருகே
நாற்காலியில் கணக்குநோட்டோடு ஒருத்தி.
அவள் முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் இருட்டு.
அதற்குள் இரண்டு பாதங்கள்,
காலணியைக் கழற்றிவிட்டு.