வெள்ளிக்கிழமை ஜெட்

கராஜின் பக்கக் கதவை நிரோஜினி தட்டியபோது
திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறாள்,
டோனட் கடையில் இரவு வேலை,
எட்டு மணிக்குத்தான் படுப்பாள்.
மணி ஒன்பதரை.

"அண்ணை, வண்டி இரையட்டும், அது பறவாயில்லை.
உள்ளுக்கை ஆரோ டிப்ஸ் பேணியைக் குலுக்கினம்.
அதுதான் நித்திரை வருகுதில்லை."

எனக்குக் கேட்கவில்லை.
ஃபோர்ட் மக்மரியில் ஏழு வருஷம் பம்ப் அறை.
காது சோதித்த பெண் காட்டிய வரைபடத்தில்
என் கோடு நாலாயிரம் வரை நிதானமாய் நடந்து
அங்கிருந்து குதித்திருந்தது.
சில்லறை குலுங்குவதெல்லாம்
அந்தப் பள்ளத்துக்குள்.

வெஸ்பா எண்பத்தொன்றில் பிறந்தது.
நூற்றைம்பதை நூற்று எழுபத்தேழாக்கி,
போர்ட்டுகளை நானே அரம் போட்டு அகட்டி,
இருபத்தெட்டு மில்லிமீட்டர் கார்புரேட்டரும்
ஆட்டை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி
வயிறு பெருத்த சைலன்சரும் மாட்டினேன்.
போன செப்டம்பரில் பார்லோ சாலையில்
முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வியது.
பின்சக்கரம் பூட்டி, தார்மேல் கறுப்பாய்க் கோடு இழுத்து,
ஒரு பால் லாரிக்கு முன்னால் நின்றேன்.
அதற்கு முன்னும் குலுங்கியிருக்கும்.
யார் கண்டது.

பெட்ரோல் போதாமல் காற்று மிகுந்தால் இப்படி.
குளிர்காற்று கனம்,
ஒரே மூச்சில் நிறைய நுழைந்துவிடும்.
இன்று கால்கரியில் மைனஸ் ஒன்பது.

ஜெட்டுகள் இருப்பது
என் பிரஷர் மாத்திரை டப்பாவில்.
ஞாயிறு அறையில் நூற்றுப் பதினெட்டு,
கிழமைக்கு இரண்டு கூடி
சனிக்கு நூற்று முப்பது.
மாத்திரைகள் சட்டைப்பையில் கிடக்கின்றன,
டாக்டரிடம் சொல்லவேண்டாம்.
இஞ்சினுக்குள் இப்போது செவ்வாய்.

இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டினேன்.
பைஜாமாவுக்கு மேல் பார்க்காவோடு ஏறினாள்.
"கேட்டா தோள்ல ஒரு தட்டு."

கிடங்குகளுக்குப் பின்னால் ஆளில்லாத சாலை.
மூன்றாம் கியர், முழுத் திறப்பு.
தட்டு.
நடைபாதையில் குந்தி
கிண்ணத்தின் திருகைக் கழற்றி,
விரலெல்லாம் பெட்ரோல் சில்லிட,
செவ்வாயை எடுத்துப் புதனை வைத்தேன்.
தட்டு.
வியாழன். சற்றுத் தாமதமாய்,
மனசில்லாத மாதிரி, தட்டு.
வெள்ளி.
கை தோள்மேல் இருந்தது.
இருந்தது.
கிளட்சைப் பிடித்து, இஞ்சினை அணைத்து,
ஓசையில்லாமல் உருண்டு நின்றோம்.
பிளக்கின் மூக்கு வறுத்த மல்லி நிறம்.
"இதைப் பாக்கவோ இவ்வளவு பாடு?" என்றாள்.

அப்போதுதான் மேற்கே மேகத்தின் அடியில்
யாரோ ஷட்டரைக் கால்வாசி தூக்கிய மாதிரி
நீலமாய் ஒரு வளைவு.
சினூக்.
மலையிறங்கி வந்த காற்று
வெந்நீர் அண்டா மூடியைத் திறந்ததுபோல முகத்தில் பட்டது.
கால் மணி நேரத்தில் கூரைகள் ஒழுகின.
அவள் பார்க்காவின் ஜிப்பை இறக்கினாள்.

திரும்பும் வழியில் இரண்டு தட்டு.
இரண்டுக்கு நாங்கள் எதுவும் பேசிவைக்கவில்லை.
"இப்ப ஆரோ வாய் கொப்புளிக்கினம்!"
அது எனக்கே கேட்டது.
காற்று இளைத்துவிட்டது,
பெட்ரோல் மட்டும் வெள்ளிக்கிழமை அளவிலேயே வருகிறது.

ஓரமாய் நிறுத்தினேன்.
சூட்டில் கட்டைவிரல் பொத்தது.
வெள்ளியைக் கழற்றிப் புதனுக்குத் திரும்பும்போது
காற்று ஒரு முட்டு முட்டியது.
பட்டாணியை விடச் சிறிய பித்தளை
விரல் நழுவி
பனி உருகி ஓடும் சாக்கடை ஓரத்தில் விழுந்திருக்கவேண்டும்.
விழுந்த சத்தம் எனக்கில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
"கம்பிக்குக் கிட்ட.
இல்லை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."
முழங்கை வரை ஐஸ் தண்ணீரில் விட்டு
கூழாங்கல், கூழாங்கல், பாட்டில் மூடி,
"அண்ணை, இன்னும் கொஞ்சம்."