முப்பதாவது நாள்

சோதனைக் காலம் இன்று நள்ளிரவோடு முடிகிறது.
திரையின் மூலையில் மரியாதையாகத்தான் சொல்கிறது,
ஒண்டுக்குடித்தனக்காரரிடம் வீட்டுக்காரர் சொல்வதுபோல.

வெளியே போரா அடிக்கிறது, மணிக்கு நூற்றுப்பத்து.
திரியெஸ்தேயில் காற்றுக்கும் பெயர் உண்டு,
மேயரைவிட அதற்குத்தான் வழிவிடுவோம்.
மாலையில் எதிர் நடைபாதையில் ஒருத்தி
விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றாள்.
தொப்பி அவளுக்கு முன்பே துறைமுகம் போய்ச் சேர்ந்திருந்தது.

என் மேசையில் இரண்டு திரைகள்.
இடப்பக்கத்துக்காரனோடு பதினோரு வருடம்:
சாம்பல் நிறம், பொடி எழுத்து,
திங்கட்கிழமைகளில் எழுந்திருக்க அடம்.
வாங்கினாலும் விற்றாலும்
'நிச்சயமாகவா?' என்பான்.
ஒவ்வொரு முறையும்.
மளிகைக்கடையில் தக்காளி எடுக்கும்போதுகூட
அந்தக் குரல் எனக்குக் கேட்டிருக்கிறது.

வலப்பக்கத்தில் இருப்பது எதையும் கேட்பதில்லை.
விரல் பட்டால் வியாபாரம்.
முதல் வாரம் முழங்கை இடித்து
ஐம்பது டன் ரொபஸ்டாவுக்குச் சொந்தக்காரி ஆனேன்.
சோதனைக் கணக்கு, பொய்ப் பணம்தான்.
உள்ளங்கை வியர்த்தது மெய்.

ஃபுல்வியோ ஜனவரியிலேயே மாறிவிட்டான்.
தினமும் போன் செய்கிறான்,
மதம் மாறியவனின் உற்சாகத்தோடு.
'இரண்டு விநாடி, நிவேஸ்! இரண்டு விநாடி மிச்சம்!'
மிச்சம் பிடித்த விநாடிகளை என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.
எனக்குப் போன் செய்கிறானாம்.

மிலானின் விற்பனையாளர் ருஜேரோ
எல்லாவற்றுக்கும் சரி என்றார்,
ஒன்றைத் தவிர:
'பழைய கணக்குகளை மட்டும் கொண்டுவர முடியாது, சின்யோரா.'

அதனால்தான் நேற்று இரவு
எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கினேன்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
பழையவனின் மந்தத்தால் போன பணத்தையெல்லாம்
சிவப்பில் குறிக்க உட்கார்ந்தேன்,
விவாகரத்துக்கு ஆதாரம் சேர்ப்பவள்போல.

முதலில் அந்த ஜூலையைத் தேடினேன்.
பிரேசிலில் உறைபனி, விலை கூரை ஏறிய நாள்.
விற்று வைத்திருந்தேன், வாங்கித் தப்ப வேண்டும்.
பொத்தானை அழுத்தினேன், மென்பொருள் உறைந்துவிட்டது,
ஒன்பதாயிரம் டாலர் போயிற்று.
எத்தனை விருந்துகளில் சொன்ன கதை இது!
அக்கா மிரெல்லா நடித்தே காட்டுவாள்.

கோப்பில் நேரம் இருக்கிறது.
ஆணை: 15:42:07.
கேள்வி: 15:42:09.
பதில்: 15:46:52.

மீண்டும் கூட்டிப் பார்த்தேன்.
பிறகு காகிதத்தில்.
அவன் எடுத்துக்கொண்டது இரண்டு விநாடி.
மீதி நான்கு நிமிடம் நாற்பத்து மூன்று விநாடி
நான்.

'நிச்சயமாகவா?' என்ற கேள்விக்கு முன்னால்
கையை மடியில் வைத்துக்கொண்டு
விலை இறங்கும் என்று
உட்கார்ந்திருந்திருக்கிறேன்.
அதை மறந்தே போயிருந்தேன்,
அல்லது மறப்பதற்காகத்தான் அத்தனை விருந்தும்.

சிவப்பில் குறித்த வரிகள் கடைசியில் மூன்று.

சரி, அவனை விட்டுவிடக் காரணம் போயிற்று.
வைத்துக்கொள்ளக் காரணம் வந்ததா?
அவன் கேட்டு, நான் 'இல்லை' என்று அழுத்திய தடவைகள்
எந்த வரியிலும் இல்லை.
நடக்காத வியாபாரத்துக்கு அவனிடம் பதிவு கிடையாது.
காப்பாற்றியது எவ்வளவு என்று
அவனுக்கே தெரியாது, பாவம்.

பதினொன்று நாற்பது.
காற்று ஜன்னல் கதவைப் பிடித்து உலுக்குகிறது.
எதிரே கம்பம் தனியாக நிற்கிறது,
அவள் எப்படி வீடு போனாளோ.

புதியதில் 'ரத்து செய்' என்பதைத் தேடினேன்.
மூன்று பக்கங்களுக்கு அடியில், வெளிறிய எழுத்தில் இருந்தது.
அழுத்தினேன்.

முப்பது நாளில் முதன்முறையாக
அது வாய் திறந்தது:
'நிச்சயமாகவா?'

சிரித்துவிட்டேன்.
எழுந்துபோய் ஜன்னல் கொக்கியை மாட்டினேன்,
அது துருப்பிடித்தது, சட்டென்று மாட்டாது.