பிடியரிசி

பூலுவப்பட்டி லைன் வீட்டில் ஏழாம் நம்பர் அவனுக்கு.
பெயர் லால்ரெம்ருவாத்தா.
வீட்டுக்காரர் சென்னியப்பன் வாயில்
ஒரே வாரத்தில் அது ராமு ஆனது.
இயேசுவைச் சொல்ல வந்தவனை
ராமு என்கிறோமே என்று எனக்குத்தான் சிரிப்பு.
அவன் அதற்கும் "ஏனுங்" என்று திரும்பினான்.

இருபத்துமூன்று வயது. மிசோரம்.
மலையிலிருந்து பஸ், பிறகு மூன்று நாள் ரயில்.
"பாஸ்போர்ட் கேக்கலைங்க.
ஆனா வெளிநாடுதானுங்க இது" என்றான்,
முதல் பங்குனியில்
மொட்டைமாடித் தொட்டிக்குள் தலையை விட்டபடி.

விடிகாலை ஐந்தரைக்கு முழங்கால் போடுவான்.
நடுச்சுவர் தாண்டி எனக்குக் கேட்பது
பாய் நகரும் ஒரு சர், அவ்வளவுதான்.
பிறகு என் குக்கர். பிறகு மோட்டார்.
இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் தினம் துவைப்பான்.
எங்கள் போர்த் தண்ணியில் அது
மாசியில் சந்தனமாகி,
சித்திரையில் பெயரில்லாத ஒரு நிறத்துக்குப் போனது.
சாயப்பட்டறையில் கேட்டால்
அதற்கும் ஒரு நம்பர் சொல்வார்கள்.

தமிழை வேதப் புத்தகத்தில் படித்து வந்திருந்தான்.
"ஒரு டீ தருவீராக" என்றான்
நாச்சிமுத்து கடையில்.
"தந்தோமுங் தம்பி" என்றார் அவர்,
ஆத்திக்கொண்டே.

கம்பெனி விடும் நேரம்
சைக்கிளோடு கேட்டருகே நிற்பான்.
மூஞ்சியைப் பார்த்து வேலைக்கு வந்தவன் என்று
செக்யூரிட்டி ஒருநாள் உள்ளே தள்ளிவிட,
மறுக்கும் வார்த்தை தெரியாமல்
மத்தியானம் வரை பனியன் மடித்தான்.
நன்றாகவே மடித்தானாம்.

என்னையும் கூப்பிட்டான்.
எங்களுக்கு அண்ணமார் சாமி போதும் என்றேன்.
தலையாட்டினான்.
அடுத்த ஞாயிறும் கூப்பிட்டான்,
முதல் தடவை கேட்பவன் மாதிரி.

பைக்கில் இரண்டு பேர் வந்து
மதம் மாத்தறவன் யாரு என்று விசாரித்தபோது
சென்னியப்பன் பல் குத்திக்கொண்டே சொன்னார்:
"ஒண்ணாந்தேதி வாடகை குடுக்கறான்.
அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்."
அன்று ராத்திரி அவன் பக்கத்தில்
பாய் வெகுநேரம் நகரவில்லை.

மாசக் கடைசியில் ஒரு நோட்டு.
சந்திப்பு, பிரசங்கம், ஞானஸ்நானம் என்று கட்டங்கள்.
"ஊசி ஏறின விரலு
எந்தக் கட்டத்துலீங்க போடறது?" என்றான்.
அன்று பகல் முழுக்க ஈ.எஸ்.ஐ.யில்,
அசாம் பெண் ரூபாலிக்குப் பக்கத்தில்.
அவள் இந்தியைத் தமிழாக்கி டாக்டரிடம் ஊற்றி,
டாக்டர் சொன்னதில் பாதியை வழியில் சிந்தி.
ஞானஸ்நானத்தில் சைபர் போட்டான்.
அழித்தான். திரும்பப் போட்டான்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

வெளிநாட்டுப் பணம் வருகிறதென்று
லைன் வீட்டில் பேச்சு.
எனக்கும் இருந்தது. கேட்டே விட்டேன்.
யாரு தம்பி உனக்குச் சம்பளம் தர்றது?

பதிலுக்கு வார்த்தை தேடினான், கிடைக்கவில்லை.
என் அரிசி டப்பாவைக் காட்டி
"தொடலாமுங்களா?" என்றான்.
ஒரு பிடி அள்ளிப் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டான்.
"அம்மா. சோறு வெக்கறப்பெல்லாம்.
எல்லா வீட்டுலயுமுங்க.
அப்புறம் சர்ச்சுக்குப் போகும். விப்பாங்க.
அப்புறம்..."
தன் நெஞ்சில் விரல் வைத்தான்.
"இதுங்க."

பிடியரிசிம்போம் நாங்க, என்றேன்.
ழகரம் இல்லாத வார்த்தை என்று
அத்தனை சந்தோஷமாக எழுதிக்கொண்டான்.

அந்தக் கிண்ணத்தை
உலையில் கொட்டக் கை வரவில்லை.
டப்பாவில் திருப்பிப் போடவும் இல்லை.
டிவி மேல் இருக்கிறது,
எறும்பு வருகிறது.
வெளியே கழன்ற செயினை மாட்டிவிட்டு,
கறுத்த விரலைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்து,
"போயிட்டு வரனுங்" என்கிறான்
எல்லாக் கதவுக்கும் பொதுவாக.