தலைக்கனம்

எங்கள் எடைமேடைக்கு
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
உப்பு லாரி ஏறினால் எண் ஓடும்.
காலி லாரி ஏறினால் குறைவாய் ஓடும்.
கழித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை.
ஷிஃப்ட் முடிந்ததும் ஒருநாள்
விமானத்தை அதன் நடுவில் வைத்தேன்.
சைபர்.
பக்கத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.
அப்போதும் சைபர்.

மீன்பெட்டித் தெர்மக்கோலில் அறுத்த இறக்கை, நான்கடி.
இஸ்திரிப்பெட்டிக் கம்பியைச் சூடாக்கித்தான் அறுத்தேன்.
வழியில் இரண்டு முறை கரண்ட் போனது.
அந்த இடங்கள் டேப்புக்கு அடியில்
இன்னும் பள்ளமாய்த் தடவுப்படும்.
வாலை அசைக்க சைக்கிள் போக்ஸ் கம்பி.
சர்வோ இரண்டு, அதில் ஒன்று விக்கும்.
ஏர்வாடியில் போன் பழுது பார்க்கும் நைனார் முகம்மது
ஒயர்களைப் பற்றவைத்துத் தந்தார்.
"பறக்காது" என்றார். காசு வாங்கவில்லை.
பறந்தால் வாங்கிக்கொள்வாராம்.

முன்விளிம்பிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி
இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினேன்.
வால் தொங்கியது.
பேட்டரியை முன்னால் தள்ளினேன்,
இனித் தள்ள இடமில்லாத வரைக்கும்.
வால் தொங்கியது.
வால் தொங்கினால் என்ன ஆகும் என்று
தை மாதமே பார்த்துவிட்டேன்:
அண்ணாந்து, இன்னும் அண்ணாந்து,
ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நின்று,
முதுகடியாய்ப் பாத்தியில் விழுந்தது.
உப்பு வாரிய பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள்.
நானும்தான். வேறென்ன செய்ய.

வாலிநோக்கம் கரையில் காய்ந்த வலையிலிருந்து
ஒரு ஈயக்குண்டை அறுத்து வந்தேன்.
யாரையும் கேட்கவில்லை.
மளிகைத் தராசில் முப்பத்தெட்டு கிராம்.
மூக்கில் ஒட்டியதும்
விரல்மேல் விமானம் ஒருமுறை தலையாட்டி
நின்றது.
பொம்பளைக்குத் தலைக்கனம் ஆகாது என்று
எனக்குச் சொல்லாதவர் பாக்கியில்லை.
வந்து பார்க்கட்டும்.

காலை ஆறு மணி.
கரைக்காற்று முகத்தில், கடல் முதுகில்.
எறிந்தேன்.
போகும்போது இடது என்றால் இடது.
திரும்பி என்னைப் பார்த்து வரும்போது
இடது என்றால் வலது.
இது ஒன்று படிய
எனக்கு ஆறு புரொப்பெல்லர் செலவு.
மூன்றாவது சுற்றில்
கட்டைவிரல்களை ரிமோட்டிலிருந்து எடுத்தேன்.
அது என்னைத் தேடவில்லை.
மட்டமாக, அவசரமில்லாமல்,
கழியில் மேயும் பூநாரைகள் தலைதூக்காமல்
பறந்துகொண்டிருந்தது.
பத்து வினாடி. பதினொன்று.
நான் செய்த ஒன்றுக்கு நான் வேண்டியிருக்கவில்லை.
அந்தச் சந்தோஷத்தில் எண்ணிக்கொண்டே போனேன்,
அதுவும் போனது.
கடல்மேல் வருகிறதா விலகுகிறதா தெரியவில்லை.
இடது கொடுத்தேன். வலது கொடுத்தேன்.
புள்ளி
எந்தப் பக்கம் திரும்பினாலும் புள்ளிதான்.

எட்டரைக்கு சேசு அருளப்பன்
வத்தையிலிருந்து இறங்கி வந்தார்.
ஒரு கையில் சூடைக் கூடை,
அக்குளில் என் விமானம்.
"வலையில விழுந்துச்சு" என்றார்.
"கறிக்கு ஆகாது."
மூக்கைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.
குண்டின் அடியில் உளியால் கொத்திய மூன்று கோடு.
"இது எங்க வலைக் குண்டாச்சே."
நகத்தால் பசையை நெம்பி
மடியில் முடிந்துகொண்டு
மிச்சத்தைத் தந்தார்.
வாங்கிய நொடியே வால் தொங்கியது.

இப்போது மூக்கில் உப்புக்கல் கட்டிப் பார்க்கிறேன்.
காலையில் முப்பத்தெட்டு,
ஈரம் குடித்து மாலையில் நாற்பத்தொன்று.
காற்று மாறினால் கணக்கு மாறுகிறது.
கடல் குடித்த ரிசீவரை
அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருக்கிறேன்.

நைனார் போன் செய்தார்.
பறந்துச்சா என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
எவ்வளவு தரணும் என்றேன்.