இறங்குகிறவரின் படம்

பதினோரு பக்கம்.
ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்
மூச்சு விடாமல் ஆறு வரி ஓடும்.
'பங்கேற்பாளர் தமது சுயவிருப்பின் பேரில்' என்று ஏறி
'எவ்விதப் பாதகமுமின்றி விலகிக்கொள்ளலாம்' என்று இறங்குவதற்குள்
எனக்கே எழுவாய் தொலைந்துவிடும்.

அதை வைத்துக்கொண்டுதான்
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றேன்,
கூட்ஸ் வண்டி
நாற்பத்துச் சொச்சம் டேங்கரை இழுத்துப் போகும்வரை.

எத்திராஜுலு வீடு மாடியில்.
போன ஆடியில் மூளையின் இடப்பக்கம்
ஒரு குழாய் அடைத்துக்கொண்டது.
வலக்கை போனது, கொஞ்சம் வந்தது.
வார்த்தைகள் போயின.
ஒன்றுதான் திரும்பியது:
சரி.

பசித்தால் சரி.
காபி சுட்டாலும் சரி.
மனைவி ரமணம்மாவைக் கூப்பிடுவதும் சரி.
கோபம் வந்தால்
சரிசரிசரி என்று சுவரில் அடிப்பார்.

படித்துக் காட்டினேன்.
மூளையைப் படம் எடுப்போம்,
பன்னிரண்டு வாரம் பேச்சுப் பயிற்சி,
சம்மதமா?
சரி, என்றார்.

கைநாட்டுக்கு மை டப்பா பையில் இருந்தது.
இவரோடு சேர்த்தால் முப்பது,
மாதக் கணக்கு முடியும்.
டப்பாவைத் திறக்காமல்
எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாம் தரம்
சிரிக்கிற மூளை வரைந்த பொம்மைத் தாள்கள்.
முதல் தாளிலேயே
குப்புறக் கவிழ்த்து வைத்தார்.
"ஹார்பர்ல இருவது வருசம்
கன்டெய்னர் கணக்குப் பாத்த ஆளும்மா,"
ரமணம்மாவின் குரலில் சூடு.
"பேச்சுதான் போச்சு."

பிறகு போட்டோக்கள்.
ஒரு பக்கத்துக்கு ஒரே விஷயம்,
பெரிய எழுத்து, நிறைய வெள்ளை.
'தன்னார்வம்' போய் 'உங்கள் இஷ்டம்' வந்தது.
'இரகசியத்தன்மை' இருந்த இடத்தில்
எங்கள் வீட்டு பீரோ, பூட்டியபடி.
'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்'
என்பதற்குத்தான் படமே கிடைக்கவில்லை.
விரித்த கையை வைத்தால்
ஆசீர்வாதம் என்பார்கள்,
ஓட்டுச் சின்னம் என்பார்கள்.

வள்ளலார் நகரில் ஒருநாள்
நிறுத்தத்துக்கு முன்னாலேயே ஒருவர் இறங்கினார்,
கையில் சாப்பாட்டுப் பை.
பஸ் அவரில்லாமல் போனது.
அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.
ஓடிப்போய்க் கேட்டேன்,
நின்ற வண்டியில் ஏறி
இன்னொரு தரம் இறங்க முடியுமா என்று.
சிரித்தார்.
சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல்
மறுபடி கேட்டேன்.

மூன்றாம் தரம்.
ஒரு பக்கம், பிறகு காத்திருத்தல்.
காத்திருத்தல் என்றால்
இரண்டு கூட்ஸ் வண்டி நேரம்.
ஸ்கேன் மெஷின் படத்தில் அவர் நின்றார்.
இடக்கை முட்டியால் மேஜையில் தட்டினார்:
டக் டக் டக்
டடடடடட டக்.
அதே சத்தம், அதே இடைவெளி.
ஏற்கெனவே ஒருமுறை அதற்குள் கிடந்தவர்.
நெற்றி வியர்த்தது.

தாள்களைப் பின்னுக்குப் புரட்டினார்.
பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் மேல்
விரலை வைத்தார்.
"வேண்டாமா?"
சரி.
மாற்றிக் கேட்டேன்:
"மெஷினுக்குள் வருகிறீர்களா?"
சரி.
விரல் அசையவில்லை.

விவரம் புரிந்தது, மறுத்தார்
என்று எழுதப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
இருபத்தொன்பதில் நின்றது கணக்கு.
அவர் அந்தத் தாளை மட்டும்
தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ரமணம்மாவின் போன்.
"இன்னாத்தம்மா குடுத்துட்டுப் போனே?
உப்புமா வெச்சா பஸ்ஸு ஆளக் காட்றாரு.
கை கால் புடிக்கிற பையன் வந்தா பஸ்ஸு ஆளு.
எங்கண்ணன் பணம் கேட்டு வந்தான்,
அவனுக்கும் பஸ்ஸு ஆளு."
பின்னாலிருந்து கணீரென்று:
சரி.

"கிழிந்துவிட்டதா?"
"ஓரம் கிழிஞ்சி கீது."
லேமினேட் செய்து
நாளைக்கு ஒன்று கொண்டுவருகிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் ரயில் சத்தம்.

"ரெண்டா கொண்டா," என்றார்.
"எனக்கு ஒண்ணு."