பக்கத்து வீட்டுப் பத்து

ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் மீதி என்ன?
இரண்டிலிருந்து எட்டு போகாது,
பக்கத்து வீட்டில் ஒரு பத்து கடன் வாங்கு.
குடியாத்தம் நெல்லூர்பேட்டையில்
பதினோரு வருடமாக மூன்றாம் வகுப்புக்கு
இதையேதான் சொல்கிறேன்.
எனக்குச் சொன்னவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

லோகிதா எழுந்து நின்றாள்.
"எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கறது?"

வகுப்பு சிரித்தது. நானும் கொஞ்சம்.
அவள் சிரிக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை தோறும் அவள் வீட்டு வாசலில்
குழுக்கடன் வசூல்காரரின் பைக் நிற்கும்.
அம்மா இல்லை என்று சொல்லும் வேலை இவளுடையது.

நோட்டுத் திருத்தும்போதுதான் பார்த்தேன்,
ஒரு கணக்கிலும் அவள் கடன் வாங்கவில்லை.
எட்டில் இரண்டு போக ஆறு,
ஐந்தில் மூன்று போக இரண்டு,
விடை இருபத்தாறு, யாருக்கும் பாக்கியில்லை.
சிவப்பு மை தப்பு போட்டது.
நான் போடவில்லை என்பதுபோலச் சொல்கிறேன்.

நானூறில் நூற்று அறுபத்து மூன்று இன்னும் மோசம்.
பக்கத்து வீட்டில் சுழியம்.
அங்கே இல்லையா, அதற்கடுத்த வீட்டுக்குப் போ என்கிறேன்.
எந்தத் தெருவில் இப்படிக் கொடுக்கிறார்கள்?

சுஹேலின் அப்பா தீப்பெட்டி ஆலையிலிருந்து
மருந்து தோய்க்காத குச்சிகள் கொண்டுவந்தார்,
ஒரு சிமெண்ட் பை நிறைய.
பஸ் ஸ்டாண்டு கடையில் கால் கிலோ ரப்பர் பேண்டு, என் காசு.
பத்துக் குச்சி ஒரு கட்டு. பத்துக் கட்டு ஒரு மூட்டை.
நடுவில் பிளாஸ்டிக் டப்பா, அதன் பெயர் அடுப்பு.
பகடையில் விழுந்த எண் அடுப்புக்குப் போகும்.
கடைசிவரை எவர் குச்சி மிஞ்சுகிறதோ அவர் ஜெயித்தார்.
சொல்லிக்கொடுக்காமல் உட்காருங்கள் என்றிருந்தார்கள் பயிற்சியில்.
பத்து நிமிடம்கூட முடியாத காரியம் அது.

லோகிதாவிடம் உதிரி இரண்டு. பகடையில் எட்டு.
பக்கத்துப் பிள்ளையின் குச்சியைப் பார்த்தாள்.
கையை நீட்டி, இழுத்துக்கொண்டாள்.
பிறகு தன் கட்டு ஒன்றை எடுத்து
பட்டென்று ரப்பரை உருவினாள்.
"இது நம்மளுதுதான் டீச்சர். கடன் இல்ல."

உருவிய ரப்பர் அவள் மணிக்கட்டுக்குப் போனது.
மறுநாள் எல்லார் மணிக்கட்டிலும்.
சுஹேல் மட்டும் பிரிக்காமலே இரண்டு மாட்டியிருந்தான்.
கட்டுகளை எண்ணிப் பிடித்துவிட்டார்கள்.
சத்தம் தாங்காமல் ரெஜினா டீச்சர் சுவரைத் தட்டினார்.
ஒருவன் குச்சியைக் காதில் விட்டுக்கொண்டான்,
ஒரு மதியம் முழுக்க அரசு மருத்துவமனையில் போனது.

டிசம்பரில் தேர்வு. லோகிதா பத்துக்கு ஏழு.
வட்டாரத்திலிருந்து வந்த சார் தாளைப் புரட்டி,
"இதென்ன, கண்ட இடத்தில் சுழியம் போட்டிருக்கிறாள்?"
ஒவ்வொரு கழித்தலிலும்
பத்தின் தலைமேல் ஒரு குட்டி வட்டம்.
"சுழியமில்லை சார், ரப்பர் பேண்டு."
அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

தவறிய மூன்றில் இரண்டு பெருக்கல்.
இன்னொன்று அந்த நானூறு.
சுழியத்தின் மேல் வட்டம் வரைந்து அழித்து,
மறுபடி வரைந்து, மறுபடி அழித்து,
அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.
நாளைக்கு மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டது.
இன்று செவ்வாய்.
தரையில் சிதறிய குச்சிகளை
பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டே இருக்கிறாள்.
போ என்று சொல்ல வாயெடுத்து
நானும் ஒரு ரப்பரை எடுத்துக்கொண்டேன்.