நான்காவது லாடம்

மூன்று லாடம் அடித்து முடித்திருந்தேன்.
நான்காவது காலை மடியில் தூக்கியபோது
மூயார் என்மேல் சரிந்தாள்.
ஐந்நூறு கிலோ கறுப்பு,
கட்டவிழ்ந்த மூட்டைபோல,
கோபமே இல்லாமல்.

சுவரோடு ஒட்டிக்கொண்டு தப்பினேன்.
"எவ்வளவு கொடுத்தாய்?"
எலினெட் குழலைக் காட்டினாள்: எட்டாவது கோடு.
போன வருடமும் எட்டாவது கோடுதான்.
நாக்கின்மேல் வைத்து விழுங்கவைக்கும் பசை.
அரத்தைக் கண்டாலே உதைக்கிறவளுக்கு
இரண்டு மணி நேர மந்தம்.
அப்போது நான் உலையை அணைத்து வண்டியில் ஏற்றுவதற்குள்
வேலியோரம் போய் மேய ஆரம்பித்திருந்தாள்.

இன்றோ மதியம் தாண்டிற்று.
காம்ப்ரியன் மலைப்பக்கமிருந்து மழை வந்தது, நின்றது,
மறுபடி வந்தது.
மூயாரின் தலை முழங்காலுக்குத் தொங்கியது.
கீழுதட்டிலிருந்து நூலாக எச்சில்.

டாக்டர் நெஸ்டா வந்ததும் ஊசியை எடுக்கவில்லை.
உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
மஞ்சள்.
"புல்லுக்கட்டு எங்கே வாங்கியது?"
எலினெட் குழலின் மூடியைத் திருகினாள்,
திறந்தாள், திருகினாள்.

"வாயால் விழுங்குவது
நேரே ரத்தத்தில் கலந்துவிடாது" என்றாள் நெஸ்டா,
கை கழுவிக்கொண்டே.
"குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும்.
அங்கே ஒரு சுங்கச்சாவடி.
பெரும்பகுதியை அங்கேயே பிடித்துச் சிதைத்துவிடும்.
எட்டாவது கோடு என்று குழலில் போட்டவன்
சுங்கத்துக்குப் போவதையும் சேர்த்துத்தான் போட்டான்.
இவளுக்குச் சாவடியில் ஆள் இல்லை.
வந்ததெல்லாம் உள்ளே நுழைந்துவிட்டது.
வெளியே போவதற்கும் அந்த ஆள்தான்
கையெழுத்துப் போட வேண்டும்."

"எழுப்ப ஒரு மருந்து?"

"அதை யார் கரைப்பது?"

அளவு மிஞ்சவில்லை.
அளந்து வாங்குகிறவர் உள்ளே இல்லை.

கட்டைப் பிரித்தேன்.
நாலாவது பிடியிலேயே கிடைத்தது,
சுருங்கிய தண்டு, சாயம் போன மஞ்சள் பூ.
எங்கள் பக்கம் க்ரைலிஸ் என்போம்.
பச்சையாக நிற்கையில் கசக்கும்,
எந்தக் குதிரையும் அதைச் சுற்றிக்கொண்டு மேயும்.
காய்ந்தால் கசப்பு போகும்.
நஞ்சு போகாது.
பிப்ரவரியில் மலிவாகக் கிடைத்த நாற்பது கட்டு.
மாதக்கணக்கில், வாய்க்கு வாய்,
கல்லீரலில் ஈரம் வற்றி
கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.
வெளியே தோல் பளபளவென்றுதான் இருந்தது.
நானே போன மாதம் பாராட்டினேன்.

நான் தங்க வேண்டியதில்லை.
அடுத்த பண்ணையில் இரண்டு மட்டக்குதிரைகள் காத்திருந்தன.
ஆனாலும் அடைகல்லின்மேல் அந்த நான்காவது லாடம்
ஆறிப்போய்க் கிடந்தது;
அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கிளம்ப
என்னவோ கை வரவில்லை.
நாங்கள் இருவரும் வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்.
எலினெட் டீ கொண்டுவந்தாள், குடிக்க மறந்தாள்.
"நான்தான் கொடுத்தேன்" என்றாள் ஒருமுறை.
பசையைச் சொன்னாளா புல்லைச் சொன்னாளா
நான் கேட்கவில்லை.

விடிய இன்னும் இருட்டு இருந்தபோது
ஒரு காது திரும்பியது.
பிறகு சாணம் போட்டாள். அத்தனை அழகான சாணம்.
பிறகு நடந்தாள், கல் பாவிய முற்றத்தில்:
கணீர், கணீர், கணீர்,
ஒரு மெத்.
கணீர், கணீர், கணீர்,
ஒரு மெத்.

ரத்தப் பரிசோதனை வெள்ளிக்கிழமை வந்தது.
எண்களை எலினெட் எனக்குப் படித்துக் காட்டவில்லை,
மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.
இனிச் சவாரி இல்லை, லாடம் வேண்டாம் என்றாள்.
நான்காவதை அடிக்கவில்லை.
மற்ற மூன்றையும் கழற்றினேன்,
மருந்தில்லாமல், ஒரு நாளைக்கு ஒரு கால்.

இரண்டாம் நாள் உதைத்தாள்.
தொடையில் இன்னும் நீலம்.
எலினெட் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள்.
நான் தரையில் உட்கார்ந்தபடி
சிரித்துக்கொண்டிருந்தேன்.